வாத்து வேட்டை (இந்தியா)

வாத்து வேட்டை என்பது ஏரி, குளம், சதுப்பு நிலம் ஆகியவற்றில் தங்கும் காட்டு வாத்துகளைத் துப்பாக்கியால் சுட்டோ, வலை, கண்ணி முதலியவற்றால் பிடித்தோ நடத்தப்படும் வேட்டை ஆகும். பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் இது ஒரு விருந்தோம்பல் வடிவமாகவே வளர்ந்தது. கடல் கடந்து வந்த விருந்தினரைச் சிற்றரசர்கள் தம் நீர்நிலைகளுக்கு அழைத்துச் சென்று, வழிகாட்டிகளையும் ஏவலர்களையும் அளித்து, வேட்டையும் விருந்துமாக உபசரித்தனர். ராஜஸ்தானின் பரத்பூர் இவ்வகை வேட்டைக்கு உலகப் புகழ் பெற்ற இடமாகும். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் வந்த பின்னர், பொழுதுபோக்கிற்காகக் காட்டு வாத்துகளை வேட்டையாடுவது இந்தியாவில் குற்றமாகும்.

பருவமும் பறவைகளும்

இந்தியாவில் வாத்து வேட்டையின் பருவம் குளிர்காலம் ஆகும். சைபீரியாவிலும் நடு ஆசியாவிலும் கோடையில் இனப்பெருக்கம் செய்யும் வாத்துகள், அங்குள்ள நீர்நிலைகள் உறையத் தொடங்கும்போது தெற்கு நோக்கிப் பறந்து இமயமலையைக் கடந்து வருகின்றன. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி, கிளுவை ஆகியவை இவ்வாறு வரும் வலசைப் பறவைகளாகும். புள்ளிமூக்கு வாத்து, சீழ்க்கைச் சிறகி, குள்ளத்தாரா ஆகியவை இந்தியாவிலேயே ஆண்டு முழுவதும் வாழ்பவை. தமிழில் வாத்துக்குத் தாரா என்ற பெயரும் உண்டு.

வேட்டைக்காரர்களின் குறிப்புகள் பறவையியலுக்கு நிறையவே பயன்பட்டன என்பது சற்று வியப்பானது. ஆலன் ஆக்டேவியன் இயூம், மார்சல் ஆகிய இருவரும் 1879 முதல் 1881 வரை வெளியிட்ட மூன்று தொகுதிகள், இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் வேட்டைப் பறவைகளைப் பற்றியவை. இந்த இயூம்தான் 1885 இல் இந்திய தேசிய காங்கிரசு தோன்றக் காரணமாக இருந்தவர். ஸ்டூவர்ட் பேக்கர் இந்திய வாத்துகளைப் பற்றித் தனியே எழுதிய நூல் 1908 இல் வெளிவந்தது.

வேட்டை முறை

வாத்துகள் பகலில் நீர்ப்பரப்பில் ஓய்வெடுத்து, அந்திவேளையில் வயல்களுக்கும் ஆழமற்ற நீர்நிலைகளுக்கும் இரை தேடிச் செல்கின்றன, விடியலில் திரும்புகின்றன. எனவே விடியலும் அந்தியுமே வேட்டைக்கு உகந்த பொழுதுகள். வேட்டையாடுபவர் நாணல் அல்லது தட்டியால் ஆன மறைவிடத்தில் முழங்காலளவு நீரில் காத்திருப்பார். பறவைகளை இறங்கத் தூண்டுவதற்காக மரத்தாலான பொம்மை வாத்துகளை நீரில் மிதக்க விடுவதும், ஊதுகுழலால் வாத்தின் குரலை எழுப்புவதும் மேலை நாடுகளில் பெருவழக்கு. வாத்து எங்கே இறங்கும், காற்று எத்திசையில் வீசும், சேறு எங்கே ஆளை இழுக்கும் என்பவற்றை அறிந்தவர் உள்ளூர்க்காரரே. வழிகாட்டி இன்றி அயலார் இவ்வேட்டையில் இறங்குவது அரிது.

பயன்படுத்தப்படும் துப்பாக்கி தோட்டா ஒன்றை அல்லாமல் ஈயச் சிறு குண்டுகளைச் சிதறலாக வெளியிடுவது. "பன்னிரண்டு போர்" என்ற பெயருக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டையின் விட்டமே அத்துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். அதாவது ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். சிதறல் பரவிவிடுவதால் 40 மீட்டருக்கு அப்பால் உள்ள பறவையைச் சுடுவது பயனற்றது. காயத்துடன் தப்பும் பறவைகள் மிகும்.

பறக்கும் வாத்தை நேராகக் குறிவைத்தால் குண்டுகள் அதன் பின்னே சென்றுவிடும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்காகப் பறக்கும் வாத்து ஒரு நொடியில் 20 மீட்டர் கடக்கிறது. 35 மீட்டர் தொலைவைக் கடக்கக் குண்டுகளுக்கு ஏறத்தாழ 0.11 நொடி ஆகிறது எனக் கொண்டால், அதற்குள் வாத்து இரண்டு மீட்டருக்கும் சற்று மேலாக நகர்ந்திருக்கும். ஆகவே அந்த அளவு முன்னே குறிவைக்க வேண்டும். இக்கணக்கை மனத்தால் அன்றிக் கையின் பழக்கத்தால் செய்வதே இவ்வேட்டையின் திறமை எனக் கருதப்பட்டது.

எளிய மக்களிடம் துப்பாக்கி இல்லாத முறைகள் இருந்தன. இந்தியாவின் சில பகுதிகளில் நீரில் மண்பானைகளை மிதக்கவிட்டு, வாத்துகள் அவற்றுக்குப் பழகிய பின், ஓட்டையிட்ட பானையொன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கழுத்தளவு நீரில் மெல்ல நகர்ந்து, வாத்தின் கால்களை நீருக்கடியிலிருந்து பற்றி இழுக்கும் முறை வழக்கத்தில் இருந்தது.

பரத்பூர்

பரத்பூர் ஏரிப்பகுதி இயற்கையான பள்ளம். 18 ஆம் நூற்றாண்டில் மன்னர் சூரச்மல் காலத்தில் அசான் அணைக்கரை கட்டப்பட்டதால் அங்கு நீர் தேங்கத் தொடங்கியது. அதனுள் இருக்கும் கேவலாதேவ் எனும் சிவன் கோயிலின் பெயரே பின்னாளில் பூங்காவுக்கும் ஆயிற்று. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் சமஸ்தான நிர்வாகம் இப்பள்ளத்தில் சிறு கரைகளையும் மதகுகளையும் அமைத்து, மழைக்காலத்தின் முடிவில் அணைக்கரையில் தேங்கிய நீரை உள்ளே திறந்துவிட ஏற்பாடு செய்தது. வாத்துகள் வரும் பருவத்திற்குச் சரியான ஆழத்தில் நீர் நின்றது. இன்று உலகமே போற்றும் இச்சதுப்பு நிலம் பெருமளவு வேட்டைக்காகவே உருவாக்கப்பட்ட பொறியியல் அமைப்பு ஆகும்.

முதல் பெரிய வேட்டை 1902 டிசம்பரில் வைசுராய் கர்சன் பிரபுவுக்காக நடத்தப்பட்டது. அன்று 540 பறவைகள் வீழ்ந்தன. அதன் பின்னர் வைசுராய்களும் வெளிநாட்டு அரச குடும்பத்தினரும் படைத்தலைவர்களும் தொடர்ந்து அழைக்கப்பட்டனர். விருந்தினர் ஒவ்வொருவருக்கும் மறைவிடம் ஒதுக்கப்பட்டது. ஏவலர்கள் பறவைகளைக் கலைக்க, அவை எழுந்து ஏரியைச் சுற்றிச் சுற்றிப் பறக்க, எல்லாத் திசைகளிலிருந்தும் ஒருசேரச் சுடப்பட்டன. 1938 நவம்பர் 12 அன்று லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் கொல்லப்பட்டன. வேட்டை நடந்த நாள், சிறப்பு விருந்தினரின் பெயர், வீழ்ந்த பறவைகளின் எண்ணிக்கை ஆகியவை கேவலாதேவ் கோயிலருகே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. பெருமைக்காக வெட்டிய அக்கல்வெட்டு இன்று பூங்காவுக்கு வருவோர் நின்று படிக்கும் வேறொரு சான்றாகிவிட்டது.

விடுதலைக்குப் பின்னும் இவ்வழக்கம் உடனே நிற்கவில்லை. பரத்பூர் 1956 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட போதிலும், கடைசிப் பெரிய வேட்டை 1964 இல்தான் நடந்தது; மகாராசாவின் வேட்டை உரிமை 1972 வரை நீடித்தது. இதே ஏரியில் 1960களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் சாலிம் அலியின் தலைமையில் வாத்துகளை உயிருடன் பிடித்துக் காலில் வளையமிட்டு விட்டனர். அவ்வளையங்கள் அன்றைய சோவியத் ஒன்றியத்திலிருந்து திரும்பக் கிடைத்தபோது, வலசைப் பாதைகள் சான்றுடன் தெரியவந்தன. அவற்றுள் பல, அங்குள்ள வேட்டைக்காரர்கள் சுட்ட பறவைகளின் கால்களில் இருந்தவை.

தமிழ்நாடு

தமிழ்நாட்டில் பரத்பூர் போன்ற அரச வேட்டைக் களம் உருவாகவில்லை. வாத்து வேட்டை ஏரிப்பாசன நாட்டுக்கு உரியது. தருமபுரி மாவட்டத்தின் வத்தல்மலை போன்ற மலைகளில் விழும் மழை ஓடைகளாக இறங்கி அடிவாரத்துச் சமவெளியில்தான் தேங்குகிறது. வாத்துகளும் அந்நீரைத் தேடியே வருகின்றன. ஆங்கிலேய அதிகாரிகள் சென்னையைச் சுற்றிய ஏரிகளில் வாத்தையும், நெல்வயல்களில் உள்ளானையும் சுட்டனர். நரிக்குறவர் சமூகத்தினர் கண்ணியாலும் நாட்டுத் துப்பாக்கியாலும் பறவைகளைப் பிடித்து விற்பதை வாழ்வாதாரங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தனர். பின்னர் வந்த தடை, பொழுதுபோக்கிற்குச் சுட்டவரை விட இவர்களையே கடுமையாகப் பாதித்தது.

வேடந்தாங்கலின் வரலாறு பரத்பூருக்கு நேர்மாறானது. அங்கு ஏரிக்கரை மரங்களில் கூடுகட்டிய நாரைகளையும் கொக்குகளையும் ஆங்கிலேயப் படைவீரர்கள் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டனர். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சியராக இருந்த லயனல் பிளேசு ஊராரின் உரிமையை ஏற்றுப் பறவைகளைச் சுடலாகாது என்ற பாதுகாப்பை அளித்தார். 1858 இல் இவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது. 1936 இல் ஏரி சரணாலயமாக ஏற்கப்பட்டது. ஊராரின் அக்கறைக்கு உழவு சார்ந்த காரணம் இருந்தது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகப் பாய்ந்தது. பறவை போனால் விளைச்சல் குறையும். ஆக, பரத்பூரில் பறவைகள் வேட்டைக்காரருக்காகக் காக்கப்பட்டன. வேடந்தாங்கலில் வேட்டைக்காரரிடமிருந்து காக்கப்பட்டன. வேடந்தாங்கல் 2022 இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்துள்ள கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகள் அஞ்சுமென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை.

சட்டம்

பிரித்தானிய ஆட்சியின் 1887, 1912 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் இனப்பெருக்கக் காலத்தில் சுடுவதைக் கட்டுப்படுத்தினவேயன்றி வேட்டையைத் தடுக்கவில்லை. 1972 ஆம் ஆண்டுச் சட்டமும் தொடக்கத்தில் உரிமம் பெற்றுச் சில விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாட இடமளித்தது. 1991 ஆம் ஆண்டுத் திருத்தமே அவ்வுரிம முறையை நீக்கியது. பறவையைக் கொல்வது மட்டுமன்றி, பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, முட்டையையோ கூட்டையோ சிதைப்பது ஆகியவையும், இவற்றுக்கான முயற்சியும் சட்டத்தின்படி வேட்டையே. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் அட்டவணைகளை மாற்றியமைத்ததுடன் பொதுவான அபராத வரம்பை 25,000 ரூபாயிலிருந்து ஒரு இலட்சம் ரூபாயாக உயர்த்தியது.

தடைக்குப் பின் பரத்பூர்

வேட்டைக் காலத்திலும் சுற்றுவட்டார ஊரார் பரத்பூரில் எருமை மேய்த்தும் புல் அறுத்தும் வந்தனர். 1982 இல் அது தேசியப் பூங்காவானபோது மேய்ச்சல் முற்றிலும் தடை செய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் எதிர்ப்புத் தெரிவித்த ஊரார் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் பலர் உயிரிழந்தனர்.

பின்னர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வி. எஸ். விசயன் தலைமையில் நடத்திய நீண்ட ஆய்வின் முடிவு எதிர்பாராததாக இருந்தது. எருமைகள் மேயாததால் நீர்ப்புல் வகையொன்று அடர்ந்து பரவித் திறந்த நீர்ப்பரப்பை மூடிவிட்டது. நீந்துவதற்கும் இரை தேடுவதற்கும் திறந்த நீர் தேவைப்படும் வாத்துகளுக்கு இது கேடாயிற்று. பறவைகளுக்காக விதித்த தடை பறவைகளுக்கே இடையூறானது. ஊரார் கையால் புல் அறுத்துச் செல்லப் பிற்பாடு அனுமதிக்கப்பட்டனர். இப்பூங்கா 1981 இல் ராம்சார் பட்டியலிலும் 1985 இல் உலகப் பாரம்பரியக் களங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது.

பிற நாடுகளில்

வழிகாட்டியுடன் கூடிய வாத்து வேட்டைப் பயணங்கள் இன்றும் ஐக்கிய அமெரிக்கா, கனடா, மெக்சிக்கோ, அர்கெந்தீனா முதலிய நாடுகளில் நடைபெறுகின்றன. நண்பர்கள் குழுவாகச் சென்று விடுதியில் தங்கி, விடியலில் வழிகாட்டியுடன் ஏரிக்குச் சென்று, இரவில் தணலில் வாட்டிய இறைச்சியுடன் விருந்துண்பது அர்கெந்தீனாவின் புல்வெளிப் பகுதிகளில் ஒரு சுற்றுலாத் தொழிலாகவே உள்ளது. சுடும் நாட்களும் ஒருவர் சுடத்தக்க எண்ணிக்கையும் பல நாடுகளில் வரையறுக்கப்பட்டுள்ளன.

ஐக்கிய அமெரிக்காவில் 16 வயது நிறைந்த வாத்து வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் கூட்டாட்சி அரசின் வாத்து முத்திரையை வாங்க வேண்டும். 1934 இல் தொடங்கிய இம்முறையில் திரளும் பணம் சதுப்பு நிலங்களை வாங்கிக் காப்பதற்குச் செல்கிறது. வேட்டைக்காரரின் பணத்தில் வாத்துகளின் வாழிடம் காக்கப்படுவது முரணாகத் தோன்றினும், பரத்பூரை நினைவில் கொண்டால் அவ்வளவு புதிதன்று. ஈயக் குண்டுகளை வாத்துகள் செரிமானத்திற்கான கற்கள் என எண்ணி விழுங்கி நஞ்சேறி இறப்பதால், அந்நாட்டில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் தடை செய்யப்பட்டு, எஃகு முதலிய குண்டுகள் பயன்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி முதல் சதுப்பு நிலங்களில் ஈயக் குண்டுகளுக்குத் தடை விதித்தது.

உணவு

காட்டு வாத்தின் இறைச்சி வளர்ப்பு வாத்தினுடையதைவிடக் கருஞ்சிவப்பானது, கொழுப்புக் குறைந்தது. சுவை அது உண்ட இரையைப் பொறுத்தது. தானியம் மேயும் ஊசிவால் வாத்தும் கிளுவையும் வேட்டைக்காரரால் விரும்பப்பட்டன. சேற்றிலுள்ள சிற்றுயிர்களை வடித்துண்ணும் தட்டைவாயனைப் பலர் ஒதுக்கினர்.

தமிழ்நாட்டில் உணவாகும் வாத்து வளர்ப்பு வாத்தே. அறுவடை முடிந்த நெல்வயல்களில் சிந்திய மணிகளையும் நத்தைகளையும் மேய்த்தபடி ஊர் ஊராகச் செல்லும் வாத்து மந்தைகளிலிருந்து முட்டையும் இறைச்சியும் கிடைக்கின்றன. இவ்வாத்துகளை வளர்க்கவோ விற்கவோ வனவிலங்குச் சட்டத்தில் தடையில்லை. ஏரிக்கரைகளில் குளிர்காலத்தில் திருட்டுத்தனமாக விற்கப்படும் காட்டு வாத்துகள் அவ்வாறல்ல. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். சில இடங்களில் நஞ்சிட்ட நெல்லைத் தூவி அவை பிடிக்கப்படுவதால், உண்பவருக்கும் அந்நஞ்சு சேரக்கூடும்.