‘ஸொன்’ என்றால் கை

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே போனால், சிறிது நேரத்தில் காத்தான்குடி வந்துவிடும். இரண்டு ஊரின் பெயரையும் ஆங்கிலப் பலகையில் பாருங்கள். இரண்டிலும் நடுவே ‘டி’ என்ற எழுத்து இரட்டித்து நிற்கும். மட்டக்களப்பில் அது ‘ட்ட’, காத்தான்குடியில் அதுவே ‘த்த’. ஊர்க்காரர்களுக்கு இதனால் ஒரு தொல்லையும் இல்லை. பலகையைப் பார்த்தா அவர்கள் ஊர்ப்பெயரைச் சொல்கிறார்கள்? வெளியூரிலிருந்து வருபவர்தான் ‘கட்டங்குடி’ என்று வாசித்துவிட்டு விழிப்பார்.

கொரியாவுக்கு வேலைக்குப் போக ஆசைப்படும் வாவிக்கரைப் பிள்ளைகள் இன்று அந்த வெளியூராரின் நிலையில்தான் நிற்கிறார்கள். தென் கொரியா 2004இல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தில் ஆரம்பத்திலேயே சேர்ந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. போக வேண்டுமானால் கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதில் பாதி வாசிப்பு, பாதி கேட்டல். வாசிப்பை இராப்பகலாகப் பாடமாக்கிச் சமாளித்துவிடலாம். காலை வாருவது கேட்டல்தான்.

காரணம் கொப்பியில் இருக்கிறது. கொரியச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் படிக்கிறார்கள். எஸ், ஓ, என் என்று மூன்று எழுத்து. ஆங்கிலம் படித்த கண் அதை ‘சன்’ என்று வாசிக்கும், மகன் என்று பொருள் கொள்ளும். கொரியனுக்கு அது ‘ஸொன்’, அதாவது கை. எம், ஓ, எம் என்பது ஆங்கிலத்தில் அம்மா; கொரிய மொழியில் ‘மொம்’, உடம்பு. என், யூ, என் என்று எழுதினால் ஆங்கிலத்தில் கன்னியாஸ்திரி. கொரிய மொழியில் ‘நுன்’, கண். கை, உடம்பு, கண் மூன்றும் தொழிற்சாலையில் ஒருவன் முதலில் காப்பாற்றிக்கொள்ள வேண்டியவை. இயந்திரங்களில் ‘ஸொன் ஜொசிம்’ என்று ஒட்டியிருப்பார்கள். கை கவனம் என்று அர்த்தம். பக்கத்தில் நிற்பவர் அதையே கத்திச் சொல்லும்போது ‘சன்’ என்று பழகிய காதுக்கு அது எட்டாது.

ஆங்கில எழுத்து கொரிய ஒலிக்குப் பொருந்தாது என்பது கொரியருக்கே தெரிந்த கதை. அவர்களுடைய துறைமுக நகரின் பெயரை ஆங்கிலத்தில் நெடுங்காலம் ‘பி’ போட்டு எழுதினார்கள். 2000இல் விதியை மாற்றி ‘பீ’ போட்டார்கள். நகரமும் மாறவில்லை, மக்கள் சொல்லும் விதமும் மாறவில்லை. சொல்லின் தலையில் வரும் அந்த ஒலி நம்முடைய ‘ப’வுக்குத்தான் பக்கம். மன்னர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் நாட்டுக்கு அறிவித்த கொரிய எழுத்தில் அதற்கு ஒரே எழுத்து. சொல்லின் முதலில் வந்தால் வன்மையாக ஒலிக்கும். உயிர்களுக்கு நடுவிலும் மூக்கொலிக்குப் பின்னாலும் மென்மையாகும்.

இதைப் படித்தவுடன் எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் பொறி தட்ட வேண்டும். ‘கல்’லில் வரும் க வேறு, ‘தங்கம்’ என்பதில் வரும் க வேறு. எழுத்து ஒன்றுதான். யாரும் நமக்கு இதைச் சொல்லித் தரவில்லை, பேச்சோடு வந்தது. கொரிய மொழியில் கடலுக்கு ‘பதா’ என்று பெயர். ஆங்கில எழுத்தில் எழுதினால் ‘பீ’யா ‘பி’யா என்று குழப்பம். தமிழில் ‘பதா’ என்று எழுதி, ‘பதம்’ என்று சொல்வதுபோலச் சொல்லுங்கள். முதல் எழுத்து தானாக வலிக்கும், இரண்டாவது தானாக மெலியும். வலை இழுக்கப் போகிற பெடியனுக்கு முதல் சொல் கைவந்துவிட்டது.

இன்னொரு வசதியும் நம்மிடம் உண்டு. ‘பாட்டு’ என்று சொல்லி நிறுத்துங்கள். கடைசி உகரத்தில் உதடு குவியாது. தொல்காப்பியர் காலம் தொட்டு அதைக் குற்றியலுகரம் என்கிறோம். கொரியர் அதை ஒத்த ஒலியைத் தனி உயிரெழுத்தாகவே வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இ, யூ என்று இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதுவதால் பிள்ளைகள் ‘இயு’ என்றும் ‘யூ’ என்றும் தடுமாறுகிறார்கள். பஸ் என்ற ஆங்கிலச் சொல் கொரியரிடம் ‘பொஸு’ ஆகும், கடைசியில் அதே குறுகிய உகரம். நம் ஊரில் ‘பஸ்ஸு வந்திட்டு’ என்பவரின் வாயில் இருப்பதும் அதுதான்.

தமிழ் கைவிடும் இடமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. நம் காதுக்கு ‘புல்’ என்று கேட்கும் சொல் கொரிய மொழியில் மூன்று. சாதாரணமாகச் சொன்னால் நெருப்பு. மூச்சைத் தள்ளிச் சொன்னால் புல், ஆம், நம் புல்லேதான். தொண்டையை இறுக்கிச் சொன்னால் கொம்பு. மூச்சுத் தள்ளுவதை அறிய உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடிக்கலாம், காற்றுப் படும். இறுக்கிச் சொல்வதற்கு வழி ‘அப்பா’வில் இருக்கிறது. கொரியரும் அப்பாவை அப்பா என்றே அழைக்கிறார்கள். அதைச் சொல்லி, முன்னால் உள்ள அகரத்தை மட்டும் விழுங்கினால் மிஞ்சுவதுதான் அந்த இறுக்கமான ஒலி. அதே ஒலியில் ‘ப்பாங்’ என்றால் ரொட்டி, இறுக்காமல் ‘பாங்’ என்றால் அறை. அந்த ரொட்டிச் சொல் போர்த்துக்கேயரிடமிருந்து ஜப்பான் வழியாகக் கொரியாவுக்குப் போனது. 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டிய அதே போர்த்துக்கேயர் நமக்குத் தந்த சொல் ‘பாண்’. காலையில் சம்பலோடு நாம் சாப்பிடுவதும் அவர்கள் சாப்பிடுவதும் ஒரே சொல்லின் பிள்ளைகள்.

அப்பா, அம்மா ஒத்துப்போவதால் கொரியர் நம் இனம் என்று பெருமை பேசுவோர் பலர். ஹோமர் ஹல்பேட் என்ற அமெரிக்கர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு இலக்கணமே எழுதினார். மொழியியலார் அந்த உறவை ஏற்கவில்லை. எனக்கும் அந்தப் பெருமை வேண்டாம். உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒலிப்பழக்கம் ஒத்திருக்கிறது, பரீட்சைக்கு உட்காருபவனுக்குத் தேவை அதுதான்.

ஆகவே ஆங்கில எழுத்தைக் கொப்பியிலிருந்து தூக்கிவிட்டு, கொரிய எழுத்தை முதல் வாரத்திலேயே படித்து, ஒலியைத் தமிழ் வழியாகப் பிடிக்க வேண்டும். வந்தாறுமூலையில் பல்கலைக்கழகம் இருக்கிறது, தமிழ் ஒலியியல் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். இருபது பக்கத்தில் ஒரு கைநூல், கூடவே கேட்டுப் பழக ஒரு ஒலிப்பதிவு செய்து கொடுத்தால், பரீட்சை மண்டபத்தில் காதுக்கருவியை மாட்டும் பெடியன் நெருப்பு எது, புல் எது, கொம்பு எது என்று பிரித்துக் கேட்பான்.