கைகளால் பேசும் சமுதாயமும் திருச்சபையும்

செவியுறுதலே விசுவாசத்திற்கு வாயில் என்னும் கருத்தில் பவுல் ரோமருக்கு எழுதியதை (10:17) எழுத்தின்படியே கொண்டு, காது கேளாதோர் நற்செய்தியின் எல்லைக்குப் புறம்பானவர் என்று எண்ணியோர் திருச்சபை வரலாற்றில் உண்டு. ஆயினும் அகஸ்தீன் தம் ‘ஆசிரியர்’ என்னும் உரையாடல் நூலில், இவர்கள் சைகையினாலேயே வினவவும் விடையளிக்கவும் கற்பிக்கவும் வல்லவர் என எடுத்துக்காட்டினார். பவுல் விளக்கியது செவி என்னும் உறுப்பின் இயல்பையன்று; செய்தி அறிவிக்கப்படவேண்டிய கட்டாயத்தையே. விளங்காத மொழியில் அறிவித்துவிட்டு, ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்று சலித்துக்கொள்வது முறையாகுமா?

சைகைமொழியும் ஒரு மொழியே

1880ஆம் ஆண்டு மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாதோர் பள்ளிகளில் சைகையை விலக்கி வாய்ப்பேச்சையே கற்பிக்கவேண்டுமெனத் தீர்மானித்தது. அதன் விளைவாகப் பல நாடுகளில் பிள்ளைகளின் கைகள் அடக்கப்பட்டன. 1960இல் வில்லியம் ஸ்டோக்கி என்பார், சைகைமொழிக்கும் தனக்கே உரிய அமைப்பும் இலக்கணமும் உண்டென ஆய்ந்து காட்டினார். 1970களில் மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் வுட்வர்டு முதலியோர் இந்திய நகரங்களில் வழங்கும் சைகைகளை ஆராய்ந்தனர். 2006இல் ஏற்கப்பட்ட ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை, சைகைமொழிகளையும் காது கேளாதோர் பண்பாட்டையும் மதிக்கவேண்டுமென்கிறது. மிலான் தீர்மானங்களுக்காக 2010இல் வான்கூவர் மாநாடு வருத்தம் தெரிவித்தது. 2015இல் இந்திய சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையம் புதுதில்லியில் நிறுவப்பட்டது.

காது கேளாத பிள்ளைகளுள் மிகப் பெரும்பான்மையோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். ஆதலால் அவர்களுடைய மொழியும் பண்பாடும் வீட்டிலிருந்து வருவது அரிது. பள்ளியிலும் சங்கத்திலும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அவை கைம்மாறுகின்றன. தம்முள் ஒவ்வொருவருக்கும் அவர்கள் சைகைப்பெயர் சூட்டுவது இவ்வுறவின் அடையாளமாகும்.

திருப்பூரில் நம் கடமை

இப்பணி நமக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் தொடங்கிய பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் பள்ளிப்பருவம் முடிந்தபின் இவர்களுக்கு வேலையும் கூட்டுறவும் வேண்டுமன்றோ? திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் காது கேளாதோரும் உழைக்கின்றனர். பொறிகளின் இரைச்சலில் காது கேட்போருக்கும் பேச்சு பயன்படுவதில்லை. இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகளில் தொழிலாளர் உதட்டசைவாலும் சைகையாலும் உரையாடியது இதனாலேயே. தையற்பொறியின் முன் குறையெனத் தோன்றாதது, கூலிக் கணக்கும் சேமநல நிதியும் வாய்ச்சொல்லால் மட்டும் விளக்கப்படும்போது இழப்பாக மாறுகிறது. ஆகவே சைகைமொழி நீதியைச் சார்ந்த காரியமாகும்.

மாற்கு 7:31-37இல் ஆண்டவர் அம்மனிதனைக் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் செல்கிறார். காதுகளில் விரலிட்டு, நாவைத் தொட்டு, வானத்தை அண்ணாந்து நோக்குகிறார். வாய்ச்சொல்லுக்குமுன் அவனுக்கு விளங்கும் வகையில் தொடுதலாலும் பார்வையாலும் அவர் பேசினார் என்பதை நாம் கவனிக்கத் தவறுகிறோம். இப்பகுதியைக் குணமாக்குதலாக மட்டும் பிரசங்கித்தால், காது கேளாத விசுவாசி தம்மை என்றும் நோயாளியாகவே காண நேரிடும். பெந்தெகொஸ்தே நாளிலோ மக்கள் தத்தம் மொழியில் செய்தியைப் பெற்றனர். ஒரே மொழிக்கு மாறும்படி எவரும் கேட்கப்படவில்லை. முழுத் திருமறையும் அமெரிக்கச் சைகைமொழியில் 2020இல்தான் நிறைவுற்றது என்பது நமது தாமதத்தைக் காட்டுகிறது.

எனவே தொழில்நகரச் சபைகள் மூன்று காரியங்களைச் செய்யலாம். முதலாவது, காது கேளாதோரையே ஆசிரியராகக் கொண்டு சபையார் சைகைமொழி கற்கலாம். இரண்டாவது, ஆராதனைக்கு மட்டுமன்றி, மருத்துவமனைக்கும் தொழிலாளர் அலுவலகத்திற்கும் உடன்செல்லும் மொழிபெயர்ப்பாளரை ஆயத்தப்படுத்தலாம். மூன்றாவது, அவர்களுள் வரம்பெற்றோரைத் திருமறை போதிக்கவும் ஜெபத்தை நடத்தவும் நியமிக்கலாம். முதலிரண்டோடு நின்றுவிட்டால் நாம் கொடுப்போராகவும் அவர்கள் பெறுவோராகவுமே இருப்போம். மூன்றாவதும் நிறைவேறும்போதுதான் அவர்கள் கிறிஸ்துவின் சரீரத்தில் உடன் அவயவங்கள் என்பதை நாம் மெய்யாக ஏற்றவர்களாவோம்.