கொத்துரொட்டி: ஓசைக்கு முந்திய வேலை

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வீதிகளில், மாக் குழைப்பது முதல் காசு வாங்குவது வரை குடும்பத்தினரே பார்த்துக்கொள்ளும் சிறு சாப்பாட்டுக் கடைகளை மாலை வேளையில் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுப்பது, சூடான இரும்புக் கல்லின் மீது இரண்டு தகடுகள் மாறிமாறி விழும் ஓசையாகும். கிழக்கு மாகாணத்தில் தோன்றியதெனப் பரவலாகக் கருதப்படும் கொத்துரொட்டியின் கைத்திறன் அந்த ஓசையில்தான் இருப்பதாக உண்பவர்கள் எண்ணினாலும், அதில் கடினமான பகுதி பல மணி நேரத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

அந்தப் பகுதி மாவில் தொடங்குகிறது. இலங்கைக்குக் கோதுமை கப்பலில்தான் வருகிறது. அதை மாவாக்கும் பிரிமா ஆலை, 1980 முதல் இதே துறைமுகத்தின் சீனன்குடாப் பக்கத்தில் இயங்கிவருகிறது. அந்த மாவில் நீர் சேரும்போது குளூட்டெனின், கிளையடின் என்னும் இரு புரதங்கள் பிணைந்து குளூட்டன் எனப்படும் வலையாகின்றன. முன்னது இழுத்தால் சுருங்கும் மீள்தன்மையையும், பின்னது கிழியாமல் நீளும் தன்மையையும் தருகின்றன. குழைத்த உடனே வீச முயன்றால் மா திரும்பச் சுருங்கிவிடும் என்பதால், உருண்டைகளை எண்ணெயில் தோய்த்து மணிக்கணக்கில் ஊறவிடுகிறார்கள். அந்நேரத்தில் வலையின் இறுக்கம் தளர, மேற்பரப்பு உலராமல் எண்ணெய் காக்கிறது. நன்றாக ஊறிய உருண்டையை, பின்னாலிருக்கும் விரல்கள் தெரியுமளவுக்கு மெல்லியதாக வீசலாம். தாய்லாந்து வீதிகளில், தென்னாசிய முஸ்லிம்களின் வழியாகப் பரவி, வாழைப்பழத்தை உள்ளே வைத்து மடித்து ரின்பால் ஊற்றி விற்கப்படும் ரொட்டியும் இவ்வாறு எண்ணெயில் ஊறிய மாவிலிருந்தே பிறக்கிறது.

இவ்வாறு வீசிச் சுடப்படுவதே கொத்துக்கான வீச்சுரொட்டி. சுட்ட சூட்டிலேயே அதைக் கொத்தினால் அது தகட்டோடு இழுபட்டுக் கட்டியாகிவிடும். ஆறிய ரொட்டியில், வெந்தபோது குலைந்த மாச்சத்து மூலக்கூறுகள் மீண்டும் ஒழுங்காக அடுக்கமைந்து இறுகுகின்றன. மீள்படிகமாதல் எனப்படும் இம்மாற்றத்தால் துண்டுகள் சீராக விழுகின்றன. ஏறத்தாழ 60 பாகை செல்சியசைக் கடந்ததும் அந்த அடுக்கின் பெரும்பகுதி மறுபடி குலைவதால், கல்லில் ஏறிய ரொட்டி மென்மையாகிறது. மிஞ்சிய ரொட்டியைத் தள்ளிவிடும் தந்திரமே கொத்து என்று ஏளனம் செய்வோர் சொல்வதில் பாதி உண்மை இருக்கலாம். ஆனால் புத்தம்புது ரொட்டியைக் கேட்டு அடம்பிடிப்பவருக்கே நட்டம்.

கல்லில் முதலில் வெங்காயமும் லீக்சும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் வதங்க, அதன்மேல் முட்டை உடைக்கப்பட்டு, பின்னரே ரொட்டி சேர்கிறது. இறைச்சி ஆணம், அதாவது குழம்பு, கடைசியில் ஊற்றப்படுவதற்கும் காரணம் உண்டு: நீர் மிகுந்திருக்கும் வரை உணவின் வெப்பம் 100 பாகையைத் தாண்டாது, மணமும் பழுப்பு நிறமும் தரும் மெயிலார்ட் வினையோ சுமார் 140 பாகைக்கு மேல்தான் விரைவாக நிகழும். கொத்தும் தகடுகளும் கூர்மையானவை அல்ல. அவை ரொட்டியை நறுக்குவதை விட நசுக்கிப் பிளக்கின்றன, கல்லில் ஒட்டியதைச் சுரண்டி எடுக்கின்றன, அவ்வாறு பிளந்த கரடுமுரடான ஓரங்களே பிறகு ஊற்றும் ஆணத்தை உறிஞ்சிக்கொள்கின்றன.