வரவு செலவுத் திட்ட விவாதம்: குறிஞ்சாக்கேணிக்கு என்ன தொடர்பு?

2021 நவம்பர் 22ஆம் திகதி, 2022ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தின் இரண்டாம் வாசிப்பு மீது பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக 153 வாக்குகள், எதிராக 60. 93 மேலதிக வாக்குகளால் அது நிறைவேறியது. மறுநாள் 23ஆம் திகதி குழுநிலை விவாதம் ஆரம்பமாகியது.

அதே 23ஆம் திகதி காலை, நமது குறிஞ்சாக்கேணித் துறையில் பிள்ளைகள் பாடசாலை செல்ல இழுவைப் பாதையில் ஏறினார்கள். பாலம் புதிதாகக் கட்டப்பட்டு வந்த காலம் அது. பாலம் முடியும்வரை அந்தப் பாதைதான் வழி. அது கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு உயிர்கள் அன்றே போயின. அடுத்து வந்த நாட்களில் அந்த எண்ணிக்கை மேலும் கூடியது.

ஒரே நாளில் நடந்த இந்த இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வரவு செலவு விவாதம் என்றால் தொலைக்காட்சியில் பெரியவர்கள் சத்தமிடும் ஒரு காட்சி என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் நாம் கடக்கும் பாலம், நமக்குக் கற்பிக்கும் ஆசிரியை, உம்மாவை அழைத்துச் செல்லும் வைத்தியசாலை எல்லாம் அந்த விவாதத்தின் ஏதோ ஒரு வரியில்தான் இருக்கின்றன.

விவாதம் எப்படி நடக்கிறது?

அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரையின்படி பொது நிதி மீதான முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது. அதன் அனுமதியின்றி வரி விதிக்கவோ அரச பணத்தைச் செலவிடவோ முடியாது.

முதலில் ஒதுக்கீட்டுச் சட்டமூலம் சபையில் சமர்ப்பிக்கப்படும். எந்த அமைச்சுக்கு எவ்வளவு என்பது அதில் இருக்கும். பின்னர் நிதி அமைச்சர் ஆற்றும் நீண்ட உரைதான் நாம் ‘பட்ஜெட்’ என்று சொல்வது. அதன் மீதான பொது விவாதம் இரண்டாம் வாசிப்பு. அதற்கடுத்து வருவது குழுநிலை. அதில் ஒவ்வொரு அமைச்சின் செலவுத் தலைப்பும் தனித்தனியாக எடுக்கப்படும். கடைசியாக மூன்றாம் வாசிப்பு.

இவற்றுள் மக்களுக்கு மிக நெருக்கமானது குழுநிலைதான். அமைச்சின் அதிகாரிகளும் அன்று சபையில் தமக்குரிய இடத்தில் அமர்ந்திருப்பார்கள். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து, “இந்தச் செலவில் பத்து ரூபாவைக் குறைக்க வேண்டும்” என்று பிரேரிப்பார். பத்து ரூபாவால் யாருக்கு என்ன பயன்? அது ஒரு மரபு. அந்தப் பத்து ரூபாவைப் பிடித்துக்கொண்டு அமைச்சின் முழு வேலையையும் கேள்வி கேட்கலாம். தனது ஊரின் வீதியை, வெற்றிடமாகக் கிடக்கும் ஆசிரியர் பதவியை, பழுதாகிக் கிடக்கும் அம்பியூலன்ஸை அங்கே சொல்லலாம். அமைச்சர் பதில் சொல்ல வேண்டும். கேள்வியும் பதிலும் ஹன்சாட்டில் அச்சாகும்.

அரசுக்குப் பெரும்பான்மை இருந்தால் திட்டம் எப்படியும் நிறைவேறும், தொகைகள் பெரிதாக மாறுவதுமில்லை. 2021 டிசம்பர் 10ஆம் திகதி மூன்றாம் வாசிப்பும் அதே 93 மேலதிக வாக்குகளால்தான் நிறைவேறியது. ஆயினும் பதிவான ஒரு வாக்குறுதியை அடுத்த ஆண்டு எடுத்துக்காட்டிக் கேட்கலாம். கேட்கப்படாத குறை பதிவிலேயே இராது.

நமது மாகாணத்துக்குப் பணம் எப்படி வருகிறது?

நமது பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணப் பாடசாலைகள். பல வைத்தியசாலைகளும் உள்ளூர் வீதிகளும் மாகாணத்தின் பொறுப்பிலேயே உள்ளன. இந்த ஏற்பாடு 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தாலும், அதே ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தாலும் ஏற்பட்டது.

மாகாணம் தானே திரட்டும் வருமானம் அதன் செலவுக்குப் போதாது. எனவே நிதி ஆணைக்குழு ஒன்பது மாகாணங்களின் தேவைகளையும் ஆராய்ந்து, யாருக்கு எவ்வளவு என்று சிபாரிசு செய்யும். வரவு செலவு மதிப்பீட்டு நூலில் கிழக்கு மாகாண சபையின் செலவுத் தலைப்பு இலக்கம் 321. அடுத்த முறை அந்த நூல் கைக்குக் கிடைத்தால் முதலில் அதைத் தேடிப் பாருங்கள். அங்கே இரண்டு வகைத் தொகைகள் இருக்கும். சம்பளம் முதலான மீண்டுவரும் செலவு ஒன்று. கட்டடம், வீதி, உபகரணம் முதலான மூலதனச் செலவு மற்றொன்று. பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்விடும். புதிய வகுப்பறை கேட்டு ஏன் இவ்வளவு காலம் காத்திருக்கிறோம் என்பதற்கு ஒரு காரணம் அங்கே தெரியும்.

பேச்சு நின்றுபோன சபை

கொழும்பிலிருந்து வரும் பணத்தை எந்த வலயத்துக்கு, எந்த ஊருக்குப் பகிர்வது என்று விவாதிக்கவே திருகோணமலையில் கிழக்கு மாகாண சபை அமைந்தது. 2008 மே மாதம் அதற்கு முதல் தேர்தல் நடந்தது. 37 உறுப்பினர்கள். 2012இல் அமைந்த இரண்டாவது சபையில் கிண்ணியாவைச் சேர்ந்த நஜீப் அப்துல் மஜீத் முதலமைச்சராகவும் இருந்தார். ஆண்டுதோறும் மாகாண வரவு செலவுத் திட்டம் அங்கே வாசிக்கப்பட்டது, விவாதிக்கப்பட்டது.

2017 செப்டெம்பர் 30ஆம் திகதி அந்தச் சபையின் காலம் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றும் சட்டம் அதே மாதம் வந்தது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018இல் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. தேர்தல் அப்படியே நின்றுபோனது.

பணம் மட்டும் நிற்கவில்லை. சபை இல்லாத காலத்தில் மாகாண நிதியத்திலிருந்து செலவிடும் அதிகாரம் ஆளுநரிடம் இருக்கிறது. சம்பளம் போகிறது, அலுவலகங்கள் இயங்குகின்றன. ஆனால் ஜனாதிபதியால் நியமிக்கப்படும் ஆளுநரிடம், “எங்கள் வலயத்துக்கு ஏன் குறைவு?” என்று சபையில் எழுந்து கேட்க மக்கள் தெரிவுசெய்த ஒருவரும் இல்லை. உள்ளூராட்சி மன்றங்களும் 2023 மார்ச் முதல் 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை உறுப்பினர்கள் இல்லாமலே இருந்தன. அந்த இரண்டு ஆண்டுகளில் கிண்ணியா மக்களுக்கு நகர சபையிலோ பிரதேச சபையிலோ மாகாண சபையிலோ பேச ஒரு பிரதிநிதி இருக்கவில்லை.

ஒதுக்குவது வேறு, கொடுப்பது வேறு

ஒரு திட்டத்துக்குப் பணம் ஒதுக்கப்பட்டது என்ற செய்தியோடு நாம் திருப்திப்பட்டுவிடக் கூடாது. 153 வாக்குகள் பெற்ற அந்த வரவு செலவுத் திட்டத்தின் கதி என்ன? 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த முடியாதென நாடு அறிவித்தது. ஓகஸ்ட் 30ஆம் திகதி இடைக்கால வரவு செலவுத் திட்டம் வந்தது. சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் நிறுத்த முடியாது. ஆகவே முதலில் கத்தி விழுந்தது கட்டுமானங்கள் மீதுதான். பாதி எழும்பிய தூண்களை நாடெங்கும் கண்டோம். ஆறு உயிர்கள் போன பின்னும் நமது பாலம் விரைவில் முடிந்துவிடவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

வாக்களிக்கும் வயதுக்கு வராத மாணவியாலும் சில காரியங்கள் ஆகும். குழுநிலை விவாதத்தில் கல்வி அமைச்சு, பெருந்தெருக்கள் அமைச்சு, மாகாண சபைகளுக்குப் பொறுப்பான அமைச்சு ஆகியன எந்த நாட்களில் எடுக்கப்படுகின்றன என்று பார்க்கலாம். நமது மாவட்டப் பிரதிநிதிகள் அன்று என்ன பேசினார்கள் என்பதை ஹன்சாட்டில் வாசிக்கலாம். நகர சபையும் பிரதேச சபையும் தமது பாதீட்டு வரைவை மக்கள் பார்வைக்கு வைக்கும்போது வாப்பாவோடு சென்று பார்க்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்த அரச நிறுவனத்தின் தகவல் அலுவலரிடமும் பிரஜை ஒருவர் எழுத்தில் கேட்கலாம். எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு கிடைத்தது, எவ்வளவு செலவானது? இந்த மூன்றையும் கேட்டாலே பாதி விடயம் வெளியாகிவிடும். கோரிக்கை குறித்த தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

விபத்து நடந்த அன்றே பாராளுமன்றத்தில் அது பேசப்பட்டது. பாலம் யாருடையது, பாதைக்கு அனுமதி வழங்கியது யார் என்ற கேள்விகள் எழுந்தன. அவை தேவையான கேள்விகள், ஆனால் பிந்தி வந்தவை. பாலம் கட்டப் பணம் ஒதுக்கும் நாளிலேயே யாராவது ஒருவர் எழுந்து கேட்டிருக்க வேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு: பாலம் முடியும்வரை அந்த ஊர்ப் பிள்ளைகள் எப்படிக் கடப்பார்கள்? அதற்கு எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?