மேற்கிலிருந்து கடலுக்கு எத்தனை வழி?

அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஒரு வீட்டில் “ஞாயித்துக்கிழமை எங்கேயாவது போகலாமா?” என்று பேச்சு எழுந்தால், பிள்ளைகள் கேட்பது கடலைத்தான். கடல் என்றதும் பெரியவர்கள் சொல்வது மெரினா. கொஞ்சம் யோசிப்பவர்கள் பெசன்ட் நகர் என்பார்கள். கார் இருந்தால் மகாபலிபுரம். இந்த மூன்றைத் தாண்டிப் பேச்சு போவதில்லை. வங்கக் கடலின் நீண்ட கரை பக்கத்திலேயே இருந்தும், சென்னையின் மேற்குப் புறநகரில் வாழும் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குக் கடல் என்பது இந்த மூன்று இடங்களாகச் சுருங்கிவிட்டது. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

காரணம் புரியாமல் இல்லை. நம் பக்கத்துச் சாலைகள் எல்லாம் கிழக்கே நகரத்தைப் பார்த்தே போடப்பட்டவை. பூந்தமல்லி நெடுஞ்சாலை, சி.டி.எச். சாலை, ஆவடி வழியாகப் போகும் ரயில் பாதை எல்லாமே சென்ட்ரலைச் சுற்றித்தான் முடிகின்றன. கடலுக்குப் போக வேண்டுமானால் முதலில் நகரத்துக்குள் நுழைய வேண்டும். திரும்பும்போது பாடியிலும் மதுரவாயலிலும் நெரிசலில் நிற்க வேண்டும். அலையில் கால் நனைத்த சந்தோஷம் வீடு வந்து சேர்வதற்குள் பாதி கரைந்துவிடும்.

இப்போது அந்தக் கட்டாயம் இல்லை. வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை, நம் ஊர்க்காரர்கள் ‘400 அடி ரோடு’ என்று சொல்லும் அந்தச் சாலை, கடல் பயணத்தின் வரைபடத்தையே மாற்றியிருக்கிறது. வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரையிலான முதல் பகுதி 2014-லும், நெமிலிச்சேரியிலிருந்து மீஞ்சூர் வரையிலான இரண்டாம் பகுதி 2021-லும் திறக்கப்பட்டன. மொத்தம் சுமார் 60 கி.மீ. பூந்தமல்லிக்காரர் நசரத்பேட்டையில் ஏறலாம்; ஆவடி, பட்டாபிராம் பக்கத்தவர் நெமிலிச்சேரியில் ஏறலாம். தெற்கே திரும்பினால் வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம். வடக்கே திரும்பினால் மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு. நகரத்தின் ஒரு சிக்னலைக்கூடப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடலாம். சுங்கம் உண்டு; மிச்சமாகும் நேரத்துக்கு அது தகும்.

இதில் நம்மவர்கள் அதிகம் போகாத திசை வடக்கு. நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் அந்தத் திசையைத்தான். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. பழவேற்காடும் அதே திருவள்ளூர் மாவட்டம்தான். சொந்த மாவட்டத்தின் கடலை விட்டுவிட்டு அடுத்த மாவட்டத்துக் கடலுக்கு ஓடிக்கொண்டிருக்கிறோம்.

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் விரிந்து கிடக்க, தென்முனை மட்டும் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமான மணல் திட்டு. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே வந்து போகும். ஆரணியாறு கொண்டுவரும் நல்ல நீரும் ஏரியில் கலக்கும். இந்தக் கலப்பில்தான் இறாலும் நண்டும் மடவையும் செழிக்கின்றன. அவற்றை நம்பித்தான் மீனவர் குடும்பங்களும், குளிர்காலத்தில் வந்திறங்கும் பறவைகளும் வாழ்கின்றன.

நவம்பர் முதல் மார்ச் வரை காலை நேரத்தில் போனால் பூநாரைகளைப் பார்க்கலாம். தூரத்தில் தண்ணீரின் ஓரமாக வெளிர் சிவப்பில் ஒரு கோடு தெரியும். உற்றுப் பார்த்தால் அந்தக் கோடு மெல்ல நகரும். பைனாகுலர் இருந்தால் அவசியம் எடுத்துப்போங்கள். இன்னும் அருகில் பார்க்க ஆசைப்பட்டால் ரயிலில் சூலூர்பேட்டை வரை போய், அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலையில் போகலாம். ஏரியை ஊடறுத்துப் போகும் அந்தச் சாலையின் இரு பக்கமும் தண்ணீர்தான்.

ஏரியில் இறால் பிடிப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். இருளர் பெண்கள் ஆழமில்லாத தண்ணீரில் தவழ்ந்தபடி, சேற்றை இரு கைகளாலும் துழாவி, விரலில் படும் இறாலைப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடப் பனையோலைப் பறி ஒன்று பல்லில் கடித்தபடி தொங்கும். வலையும் கிடையாது, தூண்டிலும் கிடையாது. வெயிலில் மணிக்கணக்கில் நடக்கிற வேலை இது. தட்டில் வரும் இறால் வறுவலின் பின்னால் இருக்கும் உழைப்பைப் பிள்ளைகள் கண்ணால் காண இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அனுமதி கேட்காமல் செல்போனை நீட்டிப் படம் மட்டும் எடுக்காதீர்கள். வலை வீசும் மீனவர்களுக்கு ‘பாடு’ என்ற ஒரு முறை உண்டு. யார், எந்த நாளில், ஏரியின் எந்த இடத்தில் வலை போடுவது என்பதை ஊரே கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது.

ஊருக்குள் நடந்தால் நானூறு ஆண்டு வரலாறு காலில் இடறும். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை இடமாக, 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, பழவேற்காடுதான் இருந்தது. இங்கிருந்து துணி மூட்டைகள் கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறின. கோட்டையில் இன்று மிச்சமிருப்பது மேடும் புதரும்தான். ஆனால் தொல்லியல் துறை பராமரிக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம் நன்றாகவே இருக்கிறது. அதன் வாசலில் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. பிள்ளைகளுக்கு அது போதும், அரை மணி நேரம் கேள்விகளாகவே போகும். உள்ளே பூவேலையும் குலச் சின்னங்களும் செதுக்கிய கற்பலகைகளைப் பார்த்தால், அந்தக் கல்தச்சர்களின் கை எவ்வளவு பழகியது என்று தெரியும். ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் விரலளவுச் சிற்பங்களாக ராமாயணக் காட்சிகள் இருக்கின்றன. பழைய பள்ளிவாசல்களும் உண்டு. இவ்வூர் முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பின்னும் கூடைகளும் பெட்டிகளும் பெயர் பெற்றவை. ஏதாவது ஒன்று வாங்கிவாருங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2011-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து, 20 பேருக்கு மேல் இறந்தார்கள். சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது அதற்குப் பிறகுதான். “சும்மா ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன் சார்” என்று யாராவது அழைத்தால், எவ்வளவு குறைந்த காசாக இருந்தாலும் ஏறாதீர்கள். பாலத்தைக் கடந்து கலங்கரை விளக்கம் இருக்கும் பக்கம் போனால் கடற்கரை வரும். அங்கே கால் நனைக்கலாம், குளிக்க வேண்டாம். முகத்துவாரம் அருகில் நீரோட்டம் எந்த நேரம் எப்படி இழுக்கும் என்பது அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

கார் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆவடி, அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் பேசின் பிரிட்ஜ் போய், அங்கே கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறி, பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பேருந்து கிடைக்கும். விடியற்காலையில் கிளம்ப வேண்டும். பெரிய ஓட்டல்களை எதிர்பார்க்க முடியாது. சாப்பாட்டுக்கு முன்யோசனை தேவை.

வடக்கில் எண்ணூரும் இருக்கிறதே என்று கேட்கலாம். பூண்டியிலிருந்து வரும் கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம் அது. அழகான கழிமுகமாக இருந்தது. அனல் மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் அதைப் பல காலமாகக் கெடுத்து வந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்யும் கலந்து பரவி, படகும் வலையும் கறுத்துப்போயின. குழந்தைகளைத் தண்ணீரில் விளையாட விட அங்கே அழைத்துப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எண்ணூர் மீண்டால் வடக்கே நமக்கு இன்னொரு கடற்கரை கிடைக்கும். அதற்காகக் குரல் கொடுக்கும் மீனவர்களோடு புறநகர்க்காரர்களும் சேர வேண்டும்.

தெற்கே போனால் கோவளம். பூந்தமல்லியிலிருந்து நாற்பது, நாற்பத்தைந்து கிலோமீட்டர். கேளம்பாக்கம் தாண்டியதும் உப்பளங்களும் கழிமுகமும் வரும். காரை ஓரங்கட்டிப் பறவை பார்க்கலாம். கோவளம் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. தண்ணீரின் தரம், சுத்தம், கழிப்பறை, உயிர்காப்பாளர் என்று பலவற்றையும் சோதித்துத் தரும் உலகளாவிய சான்று அது. சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு, உடை மாற்ற ஓர் இடம், கழுவிக்கொள்ள நல்ல தண்ணீர் என்ற இரண்டும் எவ்வளவு பெரிய விஷயம் என்று அம்மாக்களைக் கேட்டால் தெரியும். மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்கு கற்றுத் தருகிறார்கள். கல்லூரி வயதுப் பிள்ளைகள் இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள். தமீம் அன்சாரி தர்காவும் மாதா கோயிலும் இதே ஊரில்தான்.

அருகே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. 1996-ல் திறக்கப்பட்ட இந்தக் காட்சியகத்தில் தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், கர்நாடகப் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து மறுபடி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அடுக்குமாடியில் பிறந்த பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து பார்க்க ஒரு வாய்ப்பு. செவ்வாய்க்கிழமை விடுமுறை, ஷிஃப்ட் வேலையில் வார நாள் லீவு வாங்குகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். கடற்கரைச் சாலையிலேயே மேலும் தெற்கே, வடநெம்மேலியில், 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணை.

மாமல்லபுரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் போய் வந்ததுதான். ஒரே ஒரு யோசனை. கடற்கரைக் கோயிலை நடுப்பகலில் பார்க்காதீர்கள். காலையில் கதவு திறந்ததும் போனால், கிழக்கு வெளிச்சம் நேராக விழும்போது பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்துக் கல்லின் நிறமே வேறாக இருக்கும். கூட்டம் வருவதற்குள் ஐந்து ரதங்களையும் பார்த்துவிடலாம். கல்பாக்கம் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையையும் சேர்த்துக்கொண்டால் பழவேற்காட்டுக் கதையின் தொடர்ச்சி கிடைக்கும்.

மெரினாவைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாட்டி, தாத்தாவோடு போகிறவர்களுக்கு இன்றும் மெரினாதான் சரி. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மாற்றுத்திறனாளிகளுக்காக அமைத்த மரப்பாதை மணலைத் தாண்டி அலை வரைக்கும் போகிறது. 2022 நவம்பரில் திறந்த அதை அடுத்த மாதமே மாண்டஸ் புயல் சேதப்படுத்த, மறுபடி சீரமைத்தார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரும் கடலின் பக்கத்தில் போய் நிற்க முடிகிறது. பல வருடங்களாகக் கடலை டி.வி.யில் மட்டுமே பார்த்துவந்த ஒரு பெரியவரை அங்கே அழைத்துப் போவதைவிட நல்ல ஞாயிற்றுக்கிழமை வேறென்ன?

மெரினாவுக்குக் காரில் போகாதீர்கள். ஆவடி வழித்தட ரயில்களில் சில கடற்கரை நிலையம் வரை போகின்றன. அங்கிருந்து பறக்கும் ரயிலில் சேப்பாக்கமோ திருவல்லிக்கேணியோ இறங்கி நடக்கலாம். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் நான்காம் வழித்தடம், சுமார் 26 கி.மீ. நீளம், ஒரு முனையில் பூந்தமல்லியையும் மறு முனையில் கலங்கரை விளக்கத்தையும் வைத்தே திட்டமிடப்பட்டது. அது முழுதாக ஓடும்போது பூந்தமல்லிக்காரர் வண்டி மாறாமல் மெரினாவில் இறங்குவார். காணும் பொங்கல் அன்று மட்டும் கைக்குழந்தையோடு மெரினா வேண்டாம்.

எந்த மாதம், எந்த நேரம் என்பது இடத்தைவிட முக்கியம். மே மாத வெயிலில் கடற்காற்று கரையில் வீசத் தொடங்கி மெல்ல மேற்கே நகர்ந்து, ஆவடியைத் தொடுவதற்குள் சாயங்காலம் நெருங்கிவிடும். ஆகவே கோடையில் கடலுக்கு விடியற்காலையில் போங்கள், அல்லது நாலு மணிக்கு மேல் போங்கள். நடுப்பகல் மணல் சூடு பிள்ளைகளின் பாதம் தாங்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைச் செய்தி கேட்காமல் கிளம்பக் கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர் கடலாமை பாதுகாப்பு அமைப்பினர், பங்குனி ஆமை முட்டைகளைத் தேடி நடக்கிறார்கள். 1988 முதல் நடக்கும் பணி இது. வார இறுதிகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துப் போகிறார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மறக்கவே மறக்காத இரவாக இருக்கும்.

எங்கே போனாலும் ஒன்று. நம் கடற்கரை அலை அழகாக இருக்கும், ஆனால் சட்டென்று ஆழமாகும். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம். உள்ளூர் மீனவர் “போகாதீங்க” என்றால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. பெசன்ட் நகரில் நிற்கும் ஷ்மிட் நினைவுச் சின்னம், 1930-ல் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டேனிஷ் மாலுமிக்காகக் கட்டியது. அதன் நிழலில் விளையாடும் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள்.

வடக்கு, தெற்கு, கிழக்கு மூன்றையும் நிறுத்திப் பார்த்தால் என் முடிவு இதுதான்: முதியவர்களோடு என்றால் மெரினா, கைக்குழந்தையோடு என்றால் கோவளம், கேள்வி கேட்கும் வயதுப் பிள்ளைகளோடு என்றால் பழவேற்காடு. பொங்கல் விடுமுறையில் பூநாரைகள் அங்கே இருக்கும். இந்த முறை 400 அடி ரோட்டில் ஏறியதும் வண்டியை மீஞ்சூர் பக்கம் திருப்புங்கள். கொண்டுபோகும் பிளாஸ்டிக்கை மறக்காமல் திரும்பக் கொண்டுவாருங்கள்.