கேசமும் தேகமும்

உத்தமபாளையத்திலிருந்து தேவாரம் செல்லும் வழியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த கோம்பையின் பெயரை நாடறியச் செய்தது அவ்வூரின் வேட்டை நாய். செந்நிற மேனியும் கருத்த முகவாயும் உடைய அந்த நாயை அருமையாக வளர்ப்பவர், அதன் ரோமம் மினுமினுப்பு இழந்து சொரசொரத்துப் போனால், வயிற்றில் பூச்சியோ, தீனியில் குறையோ என்றுதான் முதலில் விசாரிப்பார். மேனி வாடினால் உள்ளே கோளாறு என்னும் அந்த ஞானம் நம் வீட்டுப் பெண்களின் கேச விஷயத்தில் மாத்திரம் நமக்கு ஏன் உதிப்பதில்லை?

விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலை கடந்து கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் கோம்பை அமைந்த இப்பள்ளத்தாக்கில் ஏராளம். அந்தியில் வாசற்படியில் அமர்ந்து தலைவாரும்போது சீப்பில் சிக்கிய முடியை விரலில் சுற்றி உருண்டையாக்கி, முடிக்குப் பாத்திரம் கொடுக்கும் வியாபாரி வரும்வரை சுவரிடுக்கில் செருகிவைக்கும் ஒருத்தி, அவ்வுருண்டை வரவரப் பெரிதாவதைக் கண்டால், தண்ணீர் சரியில்லை என்று சொல்லி எண்ணெய்ப் புட்டி ஒன்றை வாங்குகிறாளேயன்றி, இரத்தத்தைச் சோதித்துக்கொள்ள நினைப்பதில்லை. 2019-21ஆம் ஆண்டின் தேசிய குடும்ப நல ஆய்வோ, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை என்கிறது.

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பே. ஆனால் பஞ்ச காலத்தில் அடுப்புக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு அலங்காரச் செலவை நிறுத்தும் குடும்பத் தலைவியைப் போல, சத்துக் குறையும்போது சரீரம் இருதயத்தையும் மூளையையும் முதலில் போஷித்து, கேசத்தைக் கைவிட்டுவிடுகிறது. கடுங்காய்ச்சல், பிரசவம், பட்டினி போன்றவற்றின் விளைவு இரண்டு மூன்று மாதம் கழித்தே தலையில் தெரிவதால், இன்று கொட்டும் முடிக்கு நேற்று மாற்றிய சீயக்காயைக் குறைகூறுவது வீண். தைராய்டுச் சுரப்பி மந்தமானாலும் கேசம் வறண்டு மெலியும். வட்ட வட்டமாக முடி கொட்டும் புழுவெட்டிலோ புழு ஏதுமில்லை, தேகத்தின் நோயெதிர்ப்புச் சக்தியே மயிர்க்கால்களைத் தாக்குகிறது. பரம்பரையால் வரும் வழுக்கை வேறு. அதற்காக யாரும் கலங்க வேண்டியதில்லை.

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் பிரத்தியட்சம். புரதமும் போதிய உணவும் இல்லாமல் வாடும் குழந்தையின் கருமுடி செம்பட்டையாகும். இடையிடையே நல்ல உணவு கிடைத்திருந்தால், ஒரே முடியில் கறுப்பும் வெளுப்பும் பட்டை பட்டையாக மாறிவந்து, உண்ட மாதத்தையும் பட்டினி கிடந்த மாதத்தையும் காட்டிக்கொடுக்கும். குழந்தைகளின் இந்தப் போஷாக்குக் குறைவை, சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன், குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்த 1950களில்தான் காமராஜரின் பள்ளி மதிய உணவும் தொடங்கிற்று, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் அதை விரிவாக்கியது.

பிள்ளைகளுக்குப் பள்ளியில் கிடைத்த அந்தச் சோறு, கடைசியாக உண்டு முதலில் எழும் தாய்க்குக் கிடைக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு துளி இரத்தம் கொடுத்தால் ஹீமோகுளோபின் அளவு தெரிந்துவிடும். கருவுறாத பெண்ணுக்கு அது டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காமல், நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்து உண்பது நலம். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்வதால் பலன் தலையில் தெரியப் பல மாதங்கள் ஆகும்; மலையேறும்போது வரும் மூச்சிரைப்பு அதற்கு வெகு முன்னரே குறைந்துவிடும்.