மீன் வறுத்த எண்ணெயிலிருந்து டீசல்

பலமுறை காய்ந்த சமையல் எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரியச் செய்தால் பயோடீசல் கிடைக்கும். எண்ணெயின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசரினோடு பிணைந்திருக்கின்றன. மெத்தனால் அந்தப் பிணைப்பை அவிழ்த்து அமிலங்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. இப்படி உருவாகும் மெத்தில் எஸ்டர்தான் பயோடீசல். கிளிசரின் கனமானது, அடியில் தங்கிவிடும். 100 கிலோ நல்ல எண்ணெயிலிருந்து ஏறக்குறைய அதே அளவு பயோடீசலும் 10 கிலோ கிளிசரினும் எடுக்கலாம். எண்ணெயை அப்படியே என்ஜினில் ஊற்ற முடியாததற்குக் காரணம் அதன் பாகுத்தன்மை. அது டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு அதிகம். எஸ்டராக மாறியபின் டீசலை ஒட்டி வந்துவிடுகிறது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஓர் என்ஜின் கடலை எண்ணெயிலேயே ஓடியது. ஆனால் இன்றைய பயோடீசலுக்கு வழிவகுத்தது, 1937இல் பெல்ஜியத்தில் ஷவான் என்பவர் பெற்ற காப்புரிமை.

பயோடீசலுக்கு ஏற்ற இத்தகைய எண்ணெய் தமிழகக் கடலோரத்திலேயே இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தொடங்கி, கல்பாக்கம் தாண்டி, செய்யூர் வட்டத்துக் கடப்பாக்கம் வரை மீன் வறுவல் கடைகள், பஜ்ஜிக் கடைகள், விடுதிச் சமையலறைகள் எனப் பல இடங்களில் எண்ணெய்ச் சட்டி அடுப்பிலேயே இருக்கிறது. சுமார் 180 டிகிரி செல்சியசில் காயும் எண்ணெயில் ஈரமும் உப்பும் மசாலாவும் ஏறிய மீன் துண்டு விழும்போது, அந்த ஈரம் எண்ணெய் மூலக்கூறுகளை உடைத்துக் கொழுப்பு அமிலங்களைத் தனியே பிரித்துவிடுகிறது. காற்று மற்றொரு பக்கம் எண்ணெயைக் கெடுக்கிறது. இப்படிச் சேரும் சிதைவுப் பொருள்களை மொத்த முனைவுச் சேர்மங்கள் என்பார்கள். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டு 10, உலக உயிரி எரிபொருள் நாளன்று, கழித்த எண்ணெயைத் திரட்டி பயோடீசலாக்கும் ரூகோ திட்டத்தை ஆணையம் தொடங்கியது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் நிறுவனங்கள், கழித்த எண்ணெய் எங்கே போகிறது என்று 2019 மார்ச் முதல் கணக்கு வைக்க வேண்டும்.

சாலையோரக் கடைக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் எங்கே செலவாகப் போகிறது? அது இந்தக் கணக்குக்குள் வருவதில்லை. பெரிய சமையலறை கழித்த எண்ணெயை மலிவாக வாங்கி மறுபடி காய்ச்சுவதும் இத்தகைய சிறு கடைகளில்தான் நடக்கிறது. பயோடீசல் தொழிலுக்குக் கச்சாப் பொருள் குறைவதற்கும், உண்பவரின் உடல் கெடுவதற்கும் இந்த ஓட்டையும் ஒரு காரணம்.

பயோடீசலின் வழக்கமான தயாரிப்பில் காஸ்டிக் சோடாவோ பொட்டாசியம் ஹைட்ராக்சைடோ வினையூக்கி. 60 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். புது எண்ணெய்க்கு இதைவிட எளிய வழி இல்லை. மீன் பொரித்த எண்ணெயில் நிலைமை வேறு. தனித்து நிற்கும் கொழுப்பு அமிலம் காரத்தோடு சேர்ந்து சோப்பாகிவிடும். சோப்பு, கிளிசரினையும் எஸ்டரையும் பிரியவிடாது. அதனால் முதலில் கந்தக அமிலத்தைக் கொண்டு அந்தக் கொழுப்பு அமிலங்களை எஸ்டராக்கிவிட்டு, பிறகு காரத்தைச் சேர்க்கும் இரண்டு படி முறை பரவியது. இதில் அமிலம் கருவிகளை அரிக்கும். கடைசியில் எரிபொருளைக் கழுவிய தண்ணீரையும் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டும். புதிய முறைகள் எல்லாம் இந்தத் தொல்லைகளைக் குறைக்க வந்தவையே.

அவற்றுள் கடலோரத்துக்கு நெருக்கமானது சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது தமிழகக் கடற்கரையின் பழைய தொழில். கிளிஞ்சலும் முட்டை ஓடும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். 800, 900 டிகிரியில் சுட்டால் கிடைக்கும் கால்சியம் ஆக்சைடு, எண்ணெயை எஸ்டராக்கும் திட வினையூக்கி என்பதைப் பல ஆய்வகங்கள் செய்து காட்டியிருக்கின்றன. வினை முடிந்ததும் வடிகட்டி எடுத்து மறுபடி பயன்படுத்தலாம். கழுவும் தண்ணீரும் குறையும். விலை மிக மலிவு. ஆனால் சுட்ட சுண்ணாம்பு காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொண்டு வலுவிழக்கும். செய்யூர் போன்ற உப்பங்காற்று வீசும் ஊரில் காற்றுப்புகாத கலத்தில் வைக்காவிட்டால் மீண்டும் சூளையில்தான் இட வேண்டும். சிறிதளவு கால்சியம் எரிபொருளில் கரைந்தும் விடுகிறது. கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதால் அதை நீக்கியாக வேண்டும். அமிலம் மிகுந்த எண்ணெயிலும் சுண்ணாம்பு திணறும். அதற்கு மாற்றாக, சர்க்கரையைக் கருக்கி அந்தக் கரியில் கந்தக அமிலம் ஏற்றிய திட அமில வினையூக்கியை டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்டனர்.

கெட்டுப்போன எண்ணெய்க்கு மிகப் பொருத்தமான வழி நொதி. லிப்பேஸ் என்ற நொதி எண்ணெயையும் தனித்த கொழுப்பு அமிலத்தையும் ஒருசேர எஸ்டராக்கும். சோப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. 35 முதல் 45 டிகிரி வெப்பம் போதும். சென்னைக் கடற்கரையின் கோடைப் பகலே கிட்டத்தட்ட அந்த அளவைத் தொடுகிறது. கிடைக்கும் கிளிசரினும் தூய்மையாக இருக்கும். குறைகள் மூன்று. நொதி விலை அதிகம், வினை முடியப் பல மணி நேரம் ஆகும், மெத்தனால் கூடினால் நொதி செயலிழக்கும். மூன்றாவதற்கு ஒசாகாவின் ஷிமாடா குழு 1999இல் தீர்வு கண்டது: மெத்தனாலை ஒரேயடியாக ஊற்றாமல் மூன்று தவணையாகச் சேர்ப்பது. பின்னர் வந்த திரவ நொதிகள் விலையையும் ஓரளவு இறக்கின.

வேகத்துக்கென்று வந்த முறைகளும் உண்டு. எண்ணெயும் மெத்தனாலும் எளிதில் கலவாதவை. மீயொலி அலைகளோ, குறுகிய துளை வழியே திரவத்தைப் பீய்ச்சி எழுப்பும் நுண்குமிழிகளோ இரண்டையும் நுண்துளிகளாக்கி, ஒரு மணி நேர வேலையைச் சில நிமிடங்களுக்குள் அடக்கும். கியோட்டோவில் சாகாவும் குஸ்டியானாவும் 2001இல் வினையூக்கியே இல்லாமல் 350 டிகிரி வெப்பத்திலும் பெரும் அழுத்தத்திலும் நான்கு நிமிடத்தில் எஸ்டர் எடுத்துக் காட்டினார்கள். சிறிய ஊர் ஒன்றில் அத்தகைய அழுத்தக் கலன் வைப்பது நடக்கிற காரியமல்ல.

எந்த முறையானாலும் மெத்தனால் இருக்கும். அதுதான் இந்தப் பகுதிக்கு மிகக் கூர்மையான எச்சரிக்கை. 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் மதுராந்தகம் வட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மறு ஆண்டே கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஆகவே பயோடீசலைக் குடிசைத் தொழிலாக வீட்டுக்கு வீடு செய்யலாம் என்ற யோசனையை அடியோடு கைவிட வேண்டும். திரட்டுவது ஊர்தோறும் நடக்கலாம். வினைபுரிய வைப்பது உரிமமும் காவலும் உள்ள ஆலைக்குள் மட்டுமே நடக்க வேண்டும்.

ஆலையிலிருந்து வரும் எரிபொருள் ஐ.எஸ். 15607 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். எஸ்டர் 96.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அமில எண் 0.5ஐத் தாண்டக் கூடாது. தமிழ்நாட்டுக்கு இதில் இயற்கையாகவே ஒரு வசதி இருக்கிறது. இங்கே வறுவலுக்குப் பெரிதும் புழங்குவது பாமாயில். பாமாயில் பயோடீசல் 15 டிகிரியை ஒட்டிய குளிரில் கலங்கத் தொடங்கும். வட இந்தியக் குளிர்காலத்துக்கு அது உதவாது. மாமல்லபுரத்து மார்கழிக்கு அந்தக் கவலை இல்லை. பாமாயில் பயோடீசல் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைவதில்லை என்பதால் இருப்பிலும் நன்றாக நிற்கும்.

2018ஆம் ஆண்டின் உயிரி எரிபொருள் கொள்கை, 2030க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டும் என்கிறது. நாடு அந்த இலக்குக்கு இன்னும் வெகு தொலைவில் நிற்கிறது. கழித்த எண்ணெயிலிருந்து வரும் பயோடீசலை முதல் ஆண்டில் லிட்டர் 51 ரூபாய்க்கு வாங்கிக்கொள்வதாக 2019இல் எண்ணெய் நிறுவனங்கள் 100 நகரங்களில் அழைப்பு விடுத்தன. இப்போது இதே எண்ணெய்க்கு விமான எரிபொருளும் போட்டிக்கு வந்துவிட்டது. இந்தியன் ஆயிலின் பானிபட் ஆலை 2025 ஆகஸ்டில் அதற்கான சர்வதேசச் சான்றைப் பெற்றது. வாங்க ஆள் இருக்கிறது, செய்முறையும் தயார். ஐந்து லிட்டர், பத்து லிட்டர் என்று கழிக்கும் சிறு கடையிலிருந்து வாரந்தோறும் எடுத்துச் செல்லும் வண்டிதான் தேவை. 50 லிட்டர் என்ற வரம்பைக் கீழிறக்கி, கடற்கரைச் சாலையின் கடைகளையும் கணக்குக்குள் கொண்டுவருவது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தால் முடியக்கூடியதே. கடைக்காரர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கழித்த எண்ணெயில் தண்ணீர் சேராமல் வடிகட்டி, மூடியுள்ள கேனில் தனியே வையுங்கள். சாக்கடையிலோ கால்வாயிலோ ஊற்றாதீர்கள். ரூகோவில் பதிவு பெற்றவருக்கு மட்டும் கொடுத்து ரசீது வாங்குங்கள்.